கதையமைதியும் திருத்தொண்டர் புராணமும்

கதை கேட்டற்கண் விருப்பம் மக்கட்கு இயல்பாக அமைந்தது. கேட்ட கதை இன்பந் தந்ததென்று கூறுதல் எவர்க்கும் எளிது. அவ்வின்பம் எதனான் விளைந்ததென்று காரணங் காட்டுதல் அரிது. நிகழ்ச்சிகளுள் எது முன் வைக்கப்பட்டது, எது பின் வைக்கப்பட்டது, எது விரிக்கப்பட்டது, எது சுருக்கப்பட்டது, யார் கண்வழியாகக் காட்டப்பட்டது என்பனவற்றை ஆராய்ந்து, கதையின் உறுப்புக்களையும் அவை தம்முள் இயையும் முறையையும் விளக்கும் ஆராய்ச்சி கதையியல் எனப்படும். இப்பெயர் மேனாட்டில் எழுந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாயினும், இப்பொருள் பற்றிய சிந்தனை வடமொழியினும் தமிழினும் யவன மொழியினும் பண்டே உளது.

இவ்வாராய்ச்சியை வைத்துத் தேர்தற்குரிய உரைகல் ஒன்று தொண்டை நாட்டிலே உளது. சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்துக் கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. பண்டு வயல்கட்கு நீர் பாய்ச்சி, இன்று மாநகர்க்குக் குடிநீர் தரும் இவ்வேரிக்கு அணித்தாகவுள்ளது புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர். திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் அதுவே. இதனைச் சூழ்ந்த நிலப்பகுதியிலே மூர்க்க நாயனாரது திருவேற்காடும், பூசலாரது திருநின்றவூரும், நம்பியாரூரர் பாடிய வடதிருமுல்லைவாயிலும் உள்ளன. கதை செய்த புலவரும் அக்கதையுட் பயிலும் அடியாரும் ஒரு நிலத்தவராய் அமைந்த இவ்விடத்தினின்றே ஆராய்ச்சியைத் தொடங்குதல் பொருந்தும்.

ஆராயற்பாலதாய வினா இது: திருத்தொண்டர் புராணம் ஒரு காப்பியமா, பல வரலாறுகளின் தொகுப்பா? தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவனை வேண்டுகின்றது. இந்நூலிலோ தனியடியார் 63-வரும் தொகையடியார் 9-வரும் கூறப்படுகின்றனர். காலத்தானும் இடத்தானும் குலத்தானும் தொழிலானும் வேறுபட்டோர் வரலாறுகள் ஒருநூலுள் வைக்கப்பட்டமை மட்டிற் பற்றி அவை ஒரு கதையாகிவிடா. தொகுப்பே என்று கொள்ளின், ஒவ்வொரு புராணத்தையும் தனியே எடுத்தோதி அமைதல் சாலும். முன்னும் பின்னும் நோக்கவேண்டுவதில்லை. காப்பியம் என்று கொள்ளின், ஒரு புராணத்தின் பொருள் மற்றொன்றன் துணையின்றி நிரம்பாது. ஆகலின் இவ்வினா ஓதும் முறையையே வேறுபடுத்துவதாகும்.

பண்டையோர் கண்ட கதையமைதி

தொல்காப்பியனார் செய்யுளியலுள் வனப்பு எட்டனுள் ஒன்றாகத் தொன்மையை வைத்தார். பழங்கதைப் பொருண்மேல் வரும் செய்யுட்கு ஓர் இலக்கணம் வேண்டப்பட்டமை அதனாற் புலப்படும். வடமொழிப் பரத நூல் நாடகக் கதையினை ஐந்து சந்திகளாகப் பகுத்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார் அவற்றை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் எனத் தந்து, உழவுத் தொழிலை உவமையாக்கி விளக்கினார். உழுது பண்படுத்திய நிலத்தில் இட்ட வித்து முளைத்தல் முகம். அது வளர்ந்து நாற்றாதல் பிரதிமுகம். பயிர் கருக்கொள்ளுதல் கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்தல் விளைவு. அறுத்து அடித்து உண்டு மகிழ்தல் துய்த்தல். இவ்வுவமையின் நுட்பம் யாதெனின், பின்னர் வருவது முன்னரே வித்தினுள் அடங்கிக் கிடக்கின்றது என்பதாம். ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்தல் மட்டும் கதையாகாது. ஒன்றிலிருந்து ஒன்று விளைதல் வேண்டும்.

கிறித்துவுக்கு முன் 4-ஆம் நூற்றாண்டிலிருந்த யவன அறிஞர் அரிஸ்டாட்டிலும் தமது கவிதையியலுள் இதனையொத்த கருத்தினைக் கூறினர். கதைக்கு முதலும் இடையும் கடையும் உளவாதல் வேண்டும் என்று விதித்த அவர், ஒருவனைப்பற்றியதாயிருத்தலானே கதை ஒருமை எய்திவிடாது என்றும் தெளிவித்தார். ஒருவன் வாழ்வில் இயைபில்லாத நிகழ்ச்சிகள் எண்ணிறந்தன உள. கதையின் ஒருமை தலைவன் ஒருவனாதலைப் பற்றியதன்று, செயல் ஒன்றாதலைப் பற்றியது என்பது அவர் கருத்து. மேற்காட்டிய வினாவுக்கு விடை காண்பார்க்கு இது பெருந்துணையாவது.

இக்காலத்தோர் ஆராய்ச்சி

உருசிய நாட்டறிஞர் விளாதிமிர் பிராப் என்பார் அந்நாட்டு அற்புதக் கதைகள் 100-ஐ எடுத்து ஆராய்ந்து, 1928-ஆம் ஆண்டில் நாட்டுக்கதையின் உருவமைப்புப் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். கதைதோறும் மாந்தர் பெயரும் இயல்பும் வேறுபடினும், கதையை நடத்தும் செயற்கூறுகள் 31-க்கு மேற்படா என்றும், அவை யாவும் ஒரு கதையிலேயே வரவேண்டுவதில்லையெனினும் வருவன ஒரு முறைப்படியே வருமென்றும், அச்செயல்களை ஆற்றுவோர் 7 வகையினரே என்றும் அவர் கண்டார். இம்முடிபு அற்புதக் கதைகளுக்கே உரியதென அவரே வரையறுத்துக்கொண்டமை கருதத்தக்கது. அக்காலத்து உருசிய அறிஞராய விக்டர் சுக்லோவ்ஸ்கி, போரிஸ் தொமஷெவ்ஸ்கி முதலியோர் நிகழ்ச்சிகளின் இயற்கை முறையையும் அவற்றை நூலுள் வைத்துரைக்கும் முறையையும் வேறுபிரித்தறிதல் வேண்டும் என்றனர். முன்னையதனைக் கதைப்பொருள் என்றும், பின்னையதனைக் கதைவைப்பு என்றும் தமிழிற் கூறலாம்.

பிரான்சு நாட்டில் 1969-ஆம் ஆண்டில் தொதொரோவ் என்பார் இத்துறைக்குக் கதையியல் எனப் பொருள்படும் பெயரை இட்டனர். 1972-ஆம் ஆண்டில் ழெரார் ழெனெத் என்பார் கதைப்பொருளுக்கும் கதைவைப்புக்கும் உள்ள காலத் தொடர்பை மூன்றாக வகுத்தனர். நிகழ்ந்த வரிசைக்கும் சொல்லும் வரிசைக்கும் உள்ள தொடர்பு முறை. நிகழ்ந்த காலத்தின் நெடுமைக்கும் சொல்லிய பகுதியின் நெடுமைக்கும் உள்ள தொடர்பு அளவு. எத்தனைகால் நிகழ்ந்தது, எத்தனைகால் சொல்லப்பட்டது என்பது மீட்சி. அன்றியும், கதையைச் சொல்வார் யார், காண்பார் யார் என்னும் இரண்டும் வெவ்வேறு வினாக்கள் என்பதையும் அவர் வற்புறுத்தினர்.

திருத்தொண்டர் புராணத்தின் ஒருமை

இக்கருவிகளைக் கொண்டு சேக்கிழார் நூலை நோக்குக. 2 காண்டமும் 13 சருக்கமுமாக அமைந்த இந்நூல் 4286 பாட்டாகப் பதிப்புக்களுள் வழங்குகின்றது. முதலிலுள்ளது திருமலைச் சருக்கம். இறுதியிலுள்ளது வெள்ளானைச் சருக்கம். இவற்றினிடையே நின்ற 11 சருக்கங்களும் நம்பியாரூரர் அருளிய திருத்தொண்டத்தொகைப் பாட்டுக்கள் 11-இன் முதற்குறிப்பால் முறையே பெயர்பெற்றன. அடியார் வரலாறுகள் நிற்கும் வரிசை சேக்கிழார் தாமே வகுத்ததன்று. தொகையின் வரிசையே அது. தொகையை விரித்த வகைநூலாகிய நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியும் அவ்வரிசையே பற்றியது.

வரிசை பிறர் வகுத்ததாக, கதையை ஒருமைப்படுத்தியது எங்ஙனம்? முறை என்னும் உறுப்பினால் என்க. திருமலைச் சருக்கத்துக் காட்டப்படுவது யாது? திருக்கயிலையை அடுத்து உபமன்னிய முனிவர் வீற்றிருக்க, ஆயிரம் ஞாயிறு எழுந்தாலொப்பப் பேரொளி ஒன்று தோன்றுகின்றது. சூழவிருந்த முனிவர்கள் வியந்து வினவ, நம்பியாரூரர் திருக்கயிலைக்கு மீண்டும் எழுந்தருளுகின்றார் என்று உபமன்னியர் விடையிறுத்து, அவர் வரலாற்றை உரைக்கத் தொடங்குகின்றார். எனவே, நூலின் முதற்காட்சி கதைப்பொருளின் இறுதிக் காட்சியாகும். அவ்விறுதி மீண்டும் வெள்ளானைச் சருக்கத்திலே, நம்பிகள் வெள்ளானைமீது ஏறிச் செல்லுங்கால் எய்தப்படுகின்றது. தில்லைக் கூத்தர் எடுத்துக்கொடுத்ததெனப் போற்றப்படும் 'உலகெலாம்' என்னும் சொல் நூலின் முதற்பாட்டின் முதலினும் இறுதிப்பாட்டின் இறுதியினும் நிற்பதும் இவ்வமைதிக்கு இயைந்ததே.

இவ்விரண்டு சருக்கங்கட்கும் இடையே நடப்பது ஒரு செயல். தென்றிசை வாழவும் திருத்தொண்டத்தொகை உலகிற்குக் கிடைக்கவும் நம்பிகள் மண்மேல் வந்தார்; தடுத்தாட்கொள்ளப்பட்டார்; திருவாரூரில் அடியார் திருக்கூட்டத்தைக் கண்டு, இறைவன் பணித்தவண்ணம் தொகையைப் பாடினார்; வந்த காரியம் முற்றி மீண்டார். ஏனைய அடியார் வரலாறுகள் யாவும் அவர் பாடிய பாட்டின் விரிவேயாம். ஆகவே அவ்வரலாறுகள் நம்பிகள் கதைக்குப் புறத்தே ஒட்டப்பட்டனவல்ல. அக்கதையின் நடுவணதாகிய செயலின் உள்ளே அடங்குவன. தலைவர் பலராயினும் செயல் ஒன்று. தன்னிகரில்லாத் தலைவனை வேண்டிய தண்டியார்க்கும், செயலொருமையை வேண்டிய அரிஸ்டாட்டிலுக்கும் நம்பிகள் வரலாறு ஒருங்கே விடையாதல் காண்க.

நம்பிகள் வரலாறும் ஓரிடத்தே நின்று முடிந்துவிடவில்லை. தடுத்தாட்கொண்ட புராணத்தின் பின் அது மறைந்து மறைந்து தோன்றுகின்றது. பெருமிழலைக் குறும்பர், நம்பிகள் மறுநாள் திருக்கயிலை எய்துவதை உணர்ந்து, முதனாளே யோகத்தால் உடலை விட்டனர் என்பது ஐந்தாஞ் சருக்கத்திலேயே கூறப்படுகின்றது. சங்கிலியார் திருமணமும், சூளுறவு தவறிக் கண்ணிழந்ததும், கண் பெற்றதும், பரவையார்பால் இறைவன் தூது சென்றதும் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துள் வருகின்றன. சேரமான் பெருமாளுடன் கொண்ட நட்புக் கழறிற்றறிவார் புராணத்தே விரிகின்றது. இங்ஙனம் நூல்முழுதும் ஊடோடிய ஒரு நூலிழை இல்லையாயின், மணிகள் பலவாயினும் மாலை ஆகா.

அளவு என்னும் உறுப்பினைக் கொண்டு நோக்கின், பதினாறாண்டு வாழ்ந்தாரெனக் கூறப்படும் திருஞானசம்பந்தர் புராணம் 1256 பாட்டாக விரிந்துள்ளது. 'பிள்ளை பாதி புராணம் பாதி' என்னும் வழக்கும் இதனான் எழுந்தது. அச்சருக்கத்திலேயே, 3000 ஆண்டு இருந்தருளினாரெனப்படும் திருமூலர் வரலாறு 30 பாட்டிற்குள் முடிந்துவிடுகின்றது. காலத்தின் நெடுமை கதையின் நெடுமைக்கு அளவன்று. உலகினர் நடுவே ஊர்தோறும் சென்று நிகழ்த்தியனவற்றுக்கு விரிவும், ஓரிடத்திருந்து ஓங்கிய யோகத்துக்குச் சுருக்கமும் தகும். மீட்சிக்கும் சான்று உண்டு. திருமறைக்காட்டுத் திருக்கதவம் திறக்கவும் அடைக்கவும் பாடிய நிகழ்ச்சி நாவரசர் புராணத்தும் வருகின்றது, சம்பந்தர் புராணத்தும் வருகின்றது. முன்னையதில் அது திறத்தற்கு நேர்ந்த தாழ்வை நினைந்த நாவரசரது உள்ளக் கவலைக்கு வித்தாகின்றது. பின்னையதில் பிள்ளையார் திருவாக்கின் விரைவைப் புலப்படுத்துகின்றது. நிகழ்ச்சி ஒன்று, காண்பார் வேறாதலின் பயனும் வேறு.

திருவேற்காடும் திருநின்றவூரும்

நூல் முழுதினுக்கும் பொருந்திய இக்கருவிகள் தனிப்புராணங்கட்கும் பொருந்துமோ என்பதை ஏரிநாட்டடியார் இருவர் வரலாற்றால் ஆராய்தல் தகும்.

திருவேற்காட்டு மூர்க்க நாயனார் நாடோறும் அடியார்க்கு அமுதூட்டிப் பின்பே தாம் உண்ணும் கடப்பாட்டினர். பொருள் முழுதும் தொலைந்தபின், தாம் பண்டு பயின்ற சூதினையே வழியாகக் கொண்டார். தம் ஊரிற் பொருவார் இல்லையாகவே, பிற ஊர்கட்குச் சென்று குடந்தையை எய்தினார். முதற்சூது தோற்றுப் பின்வருவன வென்றார். மறுத்தவரைச் சுரிகையாற் குத்தினார். வென்ற பொருளைத் தாம் தீண்டாது அமுதமைப்பார் கொள்ள விடுத்தார். சூதாடிய ஒருவர் நாயன்மாருள் எண்ணப்பட்டமை எங்ஙனம் என்று ஐயுறுவார் பலர். ஈண்டுப் பிராப் கூறிய விதியொன்று துணைசெய்கின்றது. செயற்கூற்றின் இயல்பு அச்செயலின் புறத்தோற்றத்தால் வரையறுக்கப்படாது. கதையின் போக்கில் அது நிற்கும் இடத்தாலேயே வரையறுக்கப்படும் என்பது அவ்விதி. பாரதத்திற் சூது நாடிழத்தற்கு வாயில். திருவேற்காட்டார் வரலாற்றில் அடியார்க்கு அமுதிடுதற்கு வாயில். கவறு ஒன்றே, இடம் வேறு. சேக்கிழார் அமுதூட்டலை முன்வைத்துச் சூதினை இடைவைத்து மீண்டும் அமுதூட்டலிற் கொண்டுபோய் முடித்தது, அச்செயலுக்கு இடம் வகுத்தற்பொருட்டேயாம்.

ஆயினும் அக்கொள்கை முழுதும் பொருந்தும் என்று கொள்ளற்க. அற்புதக் கதையை எழுப்புவது பெரும்பாலும் ஒரு குறை அல்லது ஒரு தீங்கு என்பர் பிராப். தலைவன் அக்குறையைத் தீர்க்கப் புறப்படுவான். வழியில் ஒருவரால் சோதிக்கப்படுவான். சோதனையில் வென்று ஒரு கருவி பெறுவான். குறை தீர்ந்து பேறடைவான். நாயன்மார் வரலாற்றினும் சோதனை உண்டு. இறைவனே வேற்றுருக்கொண்டு வருவன். எனின், குறை யாருடையது? இளையான்குடி மாறனார் தமக்கென ஒன்றும் வேண்டினாரல்லர். மழை பெய்யும் நள்ளிரவில் விருந்தினர் வந்து பசித்திருத்தலே அவர்க்குக் குறையாயிற்று. பகலில் விதைத்த முளைநெல்லையே வயலினின்று வாரிக்கொணர்ந்து அமுதாக்கினார். அற்புதக் கதைத் தலைவன் சோதனையில் வெல்வது தன் வேட்கை முற்றுதற்கு. அடியாரோ சோதனை என்று அறியாமலே, தம்பால் எஞ்சிநின்றதனையும் கொடுத்துவிடுகின்றனர். உருவம் ஒத்தும் உள்ளீடு மாறுபடும் இடம் இதுவே. இம்மாறுபாட்டைத் தெளிவுறக் காட்டியதும் அக்கொள்கையின் பயனே. ஒத்த அச்சினை அருகில் வையாவிடின், வேறுபடும் இடம் கண்ணுக்குப் புலப்படாது.

திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு இதனினும் நுண்ணிது. இறைவனுக்கு ஆலயம் எடுக்க விழைந்தார்; எங்கும் தேடியும் பொருள் கிடைத்திலது. மனத்தினாலே பொருளும் தச்சரும் தேடி, நன்னாள் கொண்டு, ஆகம முறைப்படி அடிநிலை முதலாக எழுப்பிச் சிகரம் அமைத்து, சுதை பூசி, கிணறும் மதிலும் தடாகமும் வகுத்து, நிலைபேற்றுக்கு நாளும் குறித்தார். அந்நாளையே காடவர்கோனும் தான் காஞ்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவிற்றோன்றி, நின்றவூர்ப் பூசல் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை யாம் புகுவோம்; நீ நாளைக் கழித்துக் கொள்க என்றருளினன். அரசன் நின்றவூர் எய்தி, பூசல் எடுத்த கோயில் எங்குளது என்று வினவ, அப்படியொன்று இங்கில்லை என்றனர் ஊரார்.

கதையென்பது ஒரு நிலை மாறி மற்றொரு நிலை எய்துவது என்று கதையியலார் கூறுவர். பூசலார் வரலாற்றிற் புறத்தே மாறியது யாது? நின்றவூரில் ஒரு கல்லும் அசைந்திலது. ஆயினும் ஓதுவார் எவர்க்கும் கதை நிகழ்ந்ததென்பதில் ஐயம் எழாது. கதைவைப்பே இதற்குக் காரணம். ஊரார் விடை கூறுதற்கு முன்னரே, கோயில் எழுந்தவாற்றை அடிமுதல் முடிவரை ஓதுவார் கண்டுவிட்டனர். மனத்தின் தொழிலுக்கென வேறு சொல் பெய்யாது, கற்பணிக்குரிய சொற்களையே சேக்கிழார் ஆண்டனர். ஆகலின் அரசன் வினவுங்கால், கோயில் உளது என்று அறிந்த ஓதுவாரும், இலது என்னும் ஊராரும் எதிரெதிர் நிற்கின்றனர். இவ்வரலாற்றை ஊரார் கண்வழியாகக் கூறின் கதையே இல்லை; பூசலார் உள்ளத்தின் வழியாக மட்டும் கூறின் சான்று இல்லை; அரசன் கனவொன்றே அகத்தையும் புறத்தையும் இணைக்கும் பாலமாயிற்று. காண்பார் யார் என்னும் வினா இங்குக் கதையின் உயிராயிருத்தல் காண்க. அடியார்க்குநல்லார் உவமைப்படி கூறின், வித்தும் நாற்றும் கருவும் மனத்துள்ளே நிகழ, விளைவு மட்டும் கனவின்வழி வெளிப்பட்டது.

ஒரு தடையும் விடையும்

அற்றேல், ஒரே அச்சில் வார்த்தாற்போலப் பல வரலாறுகள் அமைந்திருப்பின் அவை புனைந்துரையேயாதல் வேண்டும் எனின், அற்றன்று. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்கள் பலவும் மங்கலச் சொல்லில் தொடங்கி, அரசன் மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, ஊர், கொடை, காப்புரை என்னும் ஒரு முறையே பற்றிச் செல்கின்றன. அம்முறை பொதுவாதலானே கொடை பொய்யென்று எவரும் கூறார். முறை பொருந்தியதானே கொடை மெய்யென்றும் நாட்டார். மெய்ம்மை தேர்தற்கு உரியன அளவைகள். அமைதி தேர்தற்கு உரியது கதையியல். ஒன்றன் தொழிலை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் இருசாரார்க்கும் பிழையாம். அமைதியைக் காட்டிப் புராணத்தை அழிக்க முயல்வாரும், அமைதியை ஆராய்தலே புராணத்துக்கு இழுக்கென்று அஞ்சுவாரும் இப்பகுப்பினை உணரின் தத்தம் கருத்தின் நீங்குவர்.

சித்தாந்தத்தார் குடத்துக்கு மூன்று காரணம் கூறுப: மண் முதற்காரணம், திரிகை முதலியன துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். கதைக்கும் அவ்வாறே கொள்ளலாம். அடியார் செயல்கள் முதற்காரணம், முறை, அளவு, மீட்சி, காண்பார் நிலை என்பன துணைக்காரணம், சேக்கிழார் நிமித்தகாரணம். கதையியல் திரிகையின் சுழற்சியை நன்கு விளக்கும். மண்ணைத் தருவதும் அதனாலாகாது. குயவன் வனைந்ததன் நோக்கத்தை முற்றக் கூறுதலும் அதனாலாகாது. எனினும், திரிகையின் இயல்பறிந்தார்க்கே குயவன் கைத்திறம் விளங்கும்.

ஆதலின் திருத்தொண்டர் புராணத்தை ஓதுவார் தாம் விரும்பிய அடியார் வரலாற்றை மட்டும் எடுத்தோதி அமையாது, அவ்வரலாறு தொகையின் எப்பாட்டினது விரிவு, நம்பிகள் கதை அதனுள் எங்கே தலைகாட்டுகின்றது, அதன் முன்னும் பின்னும் நிற்பன யாவை என்பவற்றையும் உடன் நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குவார், பலர் வரலாறாகத் தோன்றுவது ஒரு காப்பியமே எனத் தெளிவர். முன்பு பலகால் ஓதிய பாட்டுக்களே அவர்க்குப் புதுப்பொருள் தந்து நிற்கும்.